எள்ளளவு ஜி

ஐம்பது ஃபெனிக்.
வெல்வெட் தட்டில் வைக்கும்போதே
அவர் விரல்களில் ஒரு மரியாதை.
"ஜி," என்றார் எக்கெஹார்ட் ஃபவுட்ஸ்.
"ஆண்டு ஐம்பது. நம்ம ஊர் அக்கசாலை."

நம்ம ஊர்தான்.
மழை விட்டால் கார்ல்ஸ்ரூவில் என் கடையிலிருந்து
நடந்தே போய்விடலாம் அங்கே.

காசுக்குப் பெயர் கிடையாது, தலையெழுத்து உண்டு.
எந்த ஊரில் அடி வாங்கியதோ அந்த எழுத்து.
டி என்றால் மியூனிக். எஃப் ஸ்டுட்கார்ட்.
ஜே ஹாம்பர்க், கடல் உப்பெல்லாம் ஒன்றும் தெரியாது அதில்.
ஏ பெர்லின்; ஆனால் அந்த ஐம்பதில்
ஏ கோட்டுக்கு அந்தப் பக்கம்
அலுமினியம் அடித்துக்கொண்டிருந்தது.
இந்தப் பக்கத்து அகரவரிசைக்கு
அகரமே இல்லை, டி-யில்தான் தொடக்கம்.
பி ஒரு காலம் ஹனோவர், ஒரு காலம் வியன்னா,
அப்புறம் யாருமில்லை.
ஐ என்று ஓர் ஊர் இருந்ததே இல்லை.

இதையெல்லாம் அவரிடம் சொல்லவில்லை.
அவருக்குத் தெரியும். இரண்டு மாதமாகப் படித்திருக்கிறார்.
முப்பதாயிரம் மட்டுமே அடித்தார்கள் என்பதும் தெரியும்.
அப்பா இறந்தபின்
தோட்டக் காலனியில் இருந்த குடிசை, செர்ரி மரம்,
மழைத்தண்ணீர்த் தொட்டி எல்லாம் தங்கைக்கு,
இந்த ஒன்று தனக்கு என்று
கையெழுத்துப் போட்டுவிட்டு நேரே வருகிறார்.
"ரோஸ்விதாவுக்கு மண்ணில்தான் ஆசை," என்றார்,
சிரிக்காமல் இருக்க முயன்றபடி.

லென்ஸை எடுத்தேன்.
எண்ணின் பக்கத்தில் எள்ளளவு ஜி,
யாரும் சுரண்டாத, கலப்படமில்லாத ஜி.
திருப்பினால் கன்று நடும் பெண்,
அவள் காலடியில் ஐம்பது என்ற ஆண்டு.
எல்லாம் சரி.
ஓரத்து வாசகம்தான் வேறு.

முப்பதாயிரத்தில் ஒன்றென்றால்
'ஜெர்மன் மாநிலங்களின் வங்கி' என்று இருக்க வேண்டும்.
இதில் 'ஜெர்மன் கூட்டாட்சிக் குடியரசு'.
அதே ஆண்டு, அதே ஊர், அதே எழுத்து.
இடையில் அச்சு மாறிவிட்டது.
எழுத்தைப் பார்ப்பவர்கள்
எழுத்தை மட்டுமே பார்க்கிறார்கள்.

லென்ஸை அவரிடமே கொடுத்தேன்.
படித்தார், வட்டமாக, தலையைச் சாய்த்துச் சாய்த்து.
காசைச் சுற்றினார். மறுபடி படித்தார்,
இரண்டாம் சுற்றில் வேறு சொல் வந்துவிடும் என்பதுபோல.

"அப்படியென்றால் இது செல்லாக்காசா?"
அதுவும் இல்லை.
மத்திய வங்கிக்குக் கொண்டுபோனால் இன்றும் கொடுப்பார்கள்
கால் யூரோவும் கொஞ்சமும்.
டிராம் சீட்டுக்குப் போதாது.

இங்கே முடிந்திருந்தால் சாதாரண சனிக்கிழமை.

ஆனால் கன்று நடும் பெண்ணின் முழங்காலில்
ஒரு கீறல், மீன்முள் மாதிரி வளைந்தது.
அதை எனக்குத் தெரியும்.
ஏப்ரலில், இதே தட்டில்,
பச்சை மழைக்கோட்டு, நகத்தடியில் மண்,
பெயர் சொல்லாத ஒரு பெண்மணி.
இதே காசு. இதே கேள்வி. இதே பதில்.
நன்றி சொன்னாள், காசைக் கைக்குட்டையில் முடிந்தாள்,
வாசலில் நின்று கேட்டாள்:
"தெரியாதவர்கள் இதைப் பார்த்தால்
அசல் என்றுதானே நினைப்பார்கள்?"
ஆமாம் என்றேன். கேட்டதற்குச் சொன்னேன்.

நம் மொழியில் நாணயம் என்றால் காசு,
நாணயம் என்றால் நேர்மை;
ஒரே சொல், ஓரத்து வாசகம் வேறு.
எந்த ஜெர்மானியக் கடைக்காரிக்கும்
தமிழில் இப்படி யோசிக்க நேராது,
இந்தக் கவிதையில் எனக்கு நேர்கிறது.

ஃபவுட்ஸ் கோட்டை மாட்டிக்கொண்டார்.
காசை எடுக்கவில்லை.
"இதை வேறு யாராவது
உங்களிடம் காட்டியிருக்கிறார்களா?"
குரலில் சந்தேகம் இல்லை. சும்மாதான் கேட்டார்.

லென்ஸில் தூசி இருந்தது.
துடைக்கத் தொடங்கினேன்.
இன்னும் துடைத்துக்கொண்டிருக்கிறேன்.